கிம்பல் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஆட்டத்தைப் பாருங்கள்

கிம்பல் என்றால் கேமராவோ ஃபோனோ ஆடாமல் மோட்டாரால் நிறுத்திப் பிடிக்கும் கைப்பிடி. "விலை குறைவா ஒரு நல்ல கிம்பல் சொல்லுங்க" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல. நடந்துகொண்டே எடுத்த ஒரு வீடியோவை எந்த எடிட்டும் செய்யாமல் அப்படியே அனுப்பச் சொல்வேன். அதைப் பார்த்த பிறகுதான் பேச்சு. பயண வ்லாக் எடுப்பவர்கள் எல்லோரும் "வீடியோ ஆடுது" என்று ஒரே மாதிரி சொன்னாலும், ஆட்டம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றுக்கு ஆகும் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. மருந்தே தேவைப்படாத ஆட்டமும் உண்டு.

நின்ற இடத்தில் கேமராவைப் பிடித்தால் வரும் சின்ன, வேகமான நடுக்கம் ஒரு வகை. திரும்பும்போதும் நடக்கும்போதும் கேமரா பக்கவாட்டில் சாய்ந்து, மேலும் கீழும் தலையசைப்பது இன்னொரு வகை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஃப்ரேம் முழுவதும் குதித்து இறங்குவது மூன்றாவது. வண்டியில் போகும்போது வரும் அதிர்வைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

முதல் வகை நடுக்கத்துக்கு லென்ஸிலோ சென்சாரிலோ இருக்கும் ஸ்டெபிலைசேஷனே (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) போதும். இரண்டாவதில்தான் கிம்பல் ராஜா. மூன்று அச்சு கிம்பலில் மூன்று மோட்டார்கள் இருக்கும். கேமரா எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை உள்ளே இருக்கும் ஜைரோ என்ற உணரி கண்டு சொல்ல, மோட்டார் உடனே எதிர்ப்பக்கம் திருப்பும். டில்ட் (மேல்கீழ் தலையசைப்பு), பேன் (இடம் வலம் திரும்புவது), ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) என்ற மூன்று அசைவுகளுமே சுழற்சிகள் என்பதைக் கவனியுங்கள். அடி வைக்கும்போது கேமரா மொத்தமாக மேலே போய்க் கீழே வருகிறதே, அது சுழற்சி இல்லை. அதைப் பிடிக்கக் கிம்பலில் மோட்டாரே கிடையாது. கிம்பல் வாங்கிய பலர் "இன்னும் குதிக்குதே" என்று புலம்புவது இதனால்தான்.

1970களின் நடுவில் காரெட் பிரவுன், ஸ்டெடிகேம் என்ற கேமரா தாங்கும் கருவியை உருவாக்கியபோது கேமராவுக்கும் மனிதனுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு கையைப் போட்டார். நடையின் ஏற்ற இறக்கத்தை விழுங்கியது அந்தக் கைதான். இன்றைய சின்ன கிம்பல்களில் அந்தக் கை இல்லை. முழங்காலும் முழங்கையும்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மேல்கீழ் குதிப்பு எல்லா ஷாட்டிலும் ஒரே அளவு தெரியாது. தூரத்து மலையையோ கடலையோ எடுத்துக்கொண்டு நடந்தால் அநேகமாகக் கண்ணுக்கே படாது. குறுகலான சந்தில், கைக்கெட்டும் தூரத்தில் தூணும் கதவும் கடந்துபோகும்போது அதே குதிப்பு அப்பட்டமாகத் தெரியும். அருகில் உள்ள பொருள்தான் நம் அசைவைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் பழைய வீடியோக்களில் எந்த மாதிரி இடங்கள் அதிகம் என்று ஒரு முறை பாருங்கள். பரந்த வெளிகள்தான் அதிகம் என்றால் கிம்பல் இல்லாமலே காலம் தள்ளலாம்.

என்னோடு சில பயணங்கள் வரும் தம்பி ஒருவன் சோனி இசட்வி-ஈ10 வைத்திருக்கிறான். அந்த கேமராவில் சென்சார் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. "அக்கா, ஆக்டிவ் மோடு போட்டா ஆட்டம் நிக்குது. ஆனா என் மூஞ்சி மட்டும்தான் தெரியுது, பின்னாடி ஊரையே காணோம்" என்றான். பிரச்சினை சரியாக அங்கேதான் இருக்கிறது. ஆக்டிவ் மோடு என்பது டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன். அது சும்மா வருவதில்லை, ஃப்ரேமின் ஓரங்களை விலையாகக் கேட்கும். அந்த கேமராவில் ஆக்டிவ் மோடு சுமார் 1.44 மடங்கு க்ராப் செய்கிறது. கூடவே வரும் 16-50 லென்ஸை 16இல் வைத்தால் ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24 மில்லிமீட்டர். ஆக்டிவ் போட்டதும் அது கிட்டத்தட்ட 35 ஆகிவிடும். இந்த எண் கூடக்கூட ஃப்ரேமில் விழும் இடம் குறுகும். கையை நீட்டிப் பிடித்துப் பேசும் தூரத்தில் 35 என்பது முகத்துக்கே சரியாகப் போய்விடும்.

இதற்குக் கிம்பல்தான் ஒரே வழியா என்றால் இல்லை. இன்னும் அகலமான லென்ஸ் ஒன்று, 10 அல்லது 11 மில்லிமீட்டரில் தொடங்குவது, இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஒரு குட்டி ட்ரைபாடைக் கைப்பிடியாக வைத்து கேமராவை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலும் பாதி தீரும். அவனுக்கு நான் சொன்னது இரண்டாவது வழியைத்தான். லென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பகல் வெளிச்சத்தில் எடுப்பவர்களுக்குக் காசே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. கைரோஃப்ளோ (Gyroflow) என்ற இலவச, திறமூல மென்பொருள். பல சோனி கேமராக்களும் கோப்ரோ, இன்ஸ்டா360 போன்ற ஆக்ஷன் கேமராக்களும் வீடியோ எடுக்கும்போதே ஜைரோ தகவலைக் கோப்புக்குள் பதிந்துவைக்கும். அதைப் படித்து, கேமரா எப்போது எவ்வளவு சாய்ந்தது என்று கணக்குப் போட்டு, கணினியில் ஆட்டத்தை நேராக்கித் தரும். லென்ஸிலும் கேமராவிலும் இருக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். ஷட்டரையும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) வேகமாக வைக்க வேண்டும். நான் 1/200 நொடியைவிட மெதுவாக வைப்பதில்லை.

ஏன் ஷட்டர்? எல்லா டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனுக்கும் பொதுவான பலவீனம் இது. நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும்போது 1/50 ஷட்டர் வைப்பதுதான் வழக்கம், அசைவு இயல்பாகத் தெரியும். மாலையில் வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாகவே அந்தப் பக்கம்தான் போகும். அந்த 1/50 நொடிக்குள் கை ஆடியிருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் தனியாகவே மங்கிப்போயிருக்கும். மென்பொருள் ஃப்ரேமை நேராக நிறுத்திவிடும், மங்கலை எடுக்க முடியாது. விளைவு, நிற்கிற படத்துக்குள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மங்கல் துடித்துத் துடித்துப் போகும். இரவுத் தெருவில் எடுத்த ஃபோன் வீடியோக்களில், விளக்குகளைச் சுற்றி இதைப் பார்த்திருப்பீர்கள். கிம்பல் அப்படியல்ல. ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை நிறுத்திப் பிடிக்கிறது. சூரியன் இறங்கிய பிறகு அதிகம் எடுப்பவரா? அப்படியானால் கிம்பலுக்குச் செலவழிக்கலாம், தப்பில்லை. பகல் ஆட்களுக்கு என் சிபாரிசு: முதலில் கைரோஃப்ளோவில் கொஞ்ச நாள் ஓட்டிப்பாருங்கள்.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு விஷயம் இன்னும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஃபோன் கிம்பல் இல்லாமல் நடந்து எடுக்கவே முடியாது. இப்போதைய ஃபோன்கள் பகலில் தாங்களே சமாளித்துவிடுகின்றன. அதனால் ஃபோன் கிம்பலின் உண்மையான பயன் வேறு இடங்களுக்கு நகர்ந்திருக்கிறது. இரவு, இரண்டு மூன்று மடங்கு ஜூம் செய்து நடப்பது, மெதுவான நீண்ட பேன், தனியாகப் போகும்போது முகத்தைப் பின்தொடரும் டிராக்கிங். இவற்றில் எதுவும் உங்கள் வீடியோவில் இல்லையென்றால் வாங்கி வீட்டில்தான் வைத்திருப்பீர்கள். வாங்கினால் எடை வரம்பைப் பாருங்கள். டிஜேஐ ஆஸ்மோ மொபைல் 6 தாங்கும் ஃபோனின் எடை 170 முதல் 290 கிராம் வரை. பெரிய ஃபோன்கள் பல 220 கிராமைத் தாண்டுகின்றன. அதன்மேல் தடித்த கேஸ், கீழே செருகும் மைக் ரிசீவர் எல்லாம் சேர்ந்தால் எல்லைக்கு வந்துவிடும். கேஸைக் கழற்றி மாட்டுவது நல்ல பழக்கம். ஃபோனில் ஆக்ஷன் மோடு மாதிரி கடுமையான ஸ்டெபிலைசேஷன் இருந்தால் கிம்பலில் மாட்டும்போது அணைத்துவிடுங்கள். பேன் செய்யத் தொடங்கும்போது ஃபோன் "இது ஆட்டம்" என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் சட்டென்று விடும். அந்தத் திக்கல் பார்க்கவே சகிக்காது.

பைக் பயணிகளுக்கு ஒரு வார்த்தை. ஃபோனை ஹேண்டில்பாரில் மாட்டி எடுக்காதீர்கள். சக்திவாய்ந்த எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி, ஃபோன் கேமராவின் ஸ்டெபிலைசேஷனையே கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. கிம்பல் மோட்டாருக்கும் அந்த அதிர்வு நல்லதில்லை. அதற்கு ஆக்ஷன் கேமராதான் சரி. 2018இல் கோப்ரோவின் ஹீரோ7 பிளாக்கில் ஹைப்பர்ஸ்மூத் என்ற ஸ்டெபிலைசேஷன் வந்ததிலிருந்து பகல் வெளிச்சத்தில் ஆக்ஷன் கேமராக்களுக்குத் தனியாகக் கிம்பல் தேவைப்படுவதில்லை. இரவு அவற்றுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

சரி, கேமரா கிம்பலுக்கு வருவோம். சமையலறைத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா, பேட்டரி, கார்டு, லென்ஸ், ஃபில்டர், மைக், அதன் மேல் உள்ள ரோம உறை என்று நிஜமாகப் படமெடுக்கும்போது என்னென்ன இருக்குமோ அத்தனையையும் மாட்டி வைத்து எடை பாருங்கள். இசட்வி-ஈ10 பேட்டரியோடு 343 கிராம், 16-50 லென்ஸ் 116 கிராம். மைக் எல்லாம் சேர்த்தால் அரை கிலோவை ஒட்டி வரும். க்ரேன் எம்2 மாதிரி சின்ன கிம்பல் 720 கிராம் வரை தாங்கும். கணக்குப்படி போதும். ஆனால் நாளைக்கு ஒரு பெரிய லென்ஸ் வாங்கினால் கதை முடிந்தது. எல்லைக்கு ஒட்டி ஓட்டினால் மோட்டார் திணறும், சூடாகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். கிம்பல் தாங்கும் என்று நிறுவனம் சொல்லும் எடையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. எடை சரியாக இருந்தும் லென்ஸ் நீளமாக இருந்தால் பேலன்ஸ் ஆகாமல் போகலாம், கிம்பலின் கை நகரும் தூரம் அவ்வளவுதான் இருக்கும்.

அப்போ பெரியதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இரண்டு கிலோ தாங்கும் ஆர்எஸ் 3 மினி, பெயரில் மினி என்றாலும் 795 கிராம். கேமரா ஏறினால் மொத்தம் ஒன்றேகால் கிலோ. வாங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிறைத்து, கழுத்தைப் பிடித்து, முகத்துக்கு நேரே கையை நீட்டி, கேமராவிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே நடந்துபாருங்கள். எந்த இடத்தில் தோள் "போதும்" என்கிறதோ, உங்கள் ஷாட்டின் நீளம் அதுவரைதான். எல்லா ரிவ்யூக்களிலும் மோட்டார் பலத்தைப் பேசுவார்கள், மணிக்கட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். தன்னைத் தானே எடுத்துக்கொள்பவருக்கு மணிக்கட்டுதான் முதல் கணக்கு.

பேலன்ஸ் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "கிம்பல் சரியில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் முடிகிறது. கிம்பலை அணைத்த நிலையில், கேமராவை ஆன் செய்து பேலன்ஸ் செய்ய வேண்டும். 16-50 மாதிரி பவர் ஜூம் லென்ஸ்கள் ஆன் செய்ததும் வெளியே நீளும். அணைத்த நிலையில் பேலன்ஸ் செய்தால், ஆன் செய்த நிமிடமே மூக்கு கனத்துவிடும். பக்கவாட்டில் திறக்கும் திரையை முழுவதும் திறந்து, உங்கள் பக்கம் திருப்பி வைத்த பிறகே ரோலைச் சரிசெய்யுங்கள். அந்தச் சின்னத் திரை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பதே சாய்க்கப் போதும். சில கிம்பல்களில் திரையைத் திறந்தால் ரோல் மோட்டாரின் கையில் இடிக்கும், அல்லது மோட்டார் திரையை மறைக்கும். வ்லாக் எடுப்பவருக்கு அந்தக் கிம்பல் உதவாது. வாங்குமுன் உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டிப்பார்ப்பது உத்தமம்.

முதலில் டில்ட். லென்ஸை வானத்தைப் பார்க்க வைத்து, கையை விட்டாலும் அப்படியே நிற்கிற மாதிரி சரிசெய்து, பிறகு முன்பின். அடுத்து ரோல், கடைசியில் பேன். பேனைப் பார்க்க கிம்பலையே கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் தெரியும், கனமான பக்கம் கீழே ஓடும். எல்லாம் சரியானதும் கிம்பலின் ஒவ்வொரு கையிலும் எந்த இடத்தில் நின்றது என்று நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை நேராக அந்தக் கோட்டில் கொண்டுபோய் இறுக்கினால் போதும். சில மாடல்களில் அளவுக்கோடே அச்சிட்டிருக்கும். ஜூமை 16இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

பேலன்ஸ் சரியில்லாவிட்டால் மோட்டார் மெல்லிய ரீங்காரத்தோடு முனகும். காதுக்கு அவ்வளவாகக் கேட்காது, கேமரா மேலேயே உட்கார்ந்திருக்கும் மைக்குக்கு நன்றாகக் கேட்கும். நான் கிம்பலோடு பேசும்போது சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக்கைத்தான் பயன்படுத்துகிறேன். மைக்குக்கும் கிம்பலுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும் என்பேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மைக்கை வாங்குங்கள். ஆடும் படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், கேட்காத பேச்சை மாட்டார்கள்.

நடையைப் பற்றி ஒன்றே ஒன்று. விளிம்பு வரை நிறைந்த தம்ளரோடு நடப்பவர் எப்படி நடப்பார்? முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், குதிகால் முதலில் பட்டுப் பாதம் உருண்டு வரும், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும். அப்படியே நடங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். படிக்கட்டில் மட்டும் எந்த நடையும் உதவாது. படி ஏறும் ஷாட்டை நான் துண்டுகளாகத்தான் எடுப்பேன்.

இன்னும் கேமராவே வாங்கவில்லை என்பவர்களுக்குக் கணக்கே வேறு. ஆஸ்மோ பாக்கெட் மாதிரி கேமராவும் கிம்பலும் ஒன்றாக வருவதைப் பாருங்கள். 2018இல் வந்த முதல் மாடலில் சென்சார் சின்னது, இரவில் தடுமாறும். 2023இல் வந்த பாக்கெட் 3இல் ஒரு இன்ச் சென்சார், எடை 179 கிராம். பேலன்ஸ் செய்யும் வேலையே இல்லை, பையிலிருந்து எடுத்துத் திரையைத் திருப்பினால் பதிவு தொடங்கிவிடும். தனித்தனியாக கேமரா, லென்ஸ், கிம்பல் என்று கூட்டிப் பார்த்தால் பல சமயம் இதுவே மலிவாக வரும். லென்ஸ் மாற்ற முடியாது, பின்னணியை நன்றாக மங்கவைக்க முடியாது. பயண வ்லாகுக்கு அது பெரிய இழப்பாக எனக்குத் தெரியவில்லை. எதிர் எடை மாட்டி நிறுத்தும் பழைய பாணி மெக்கானிக்கல் ஸ்டெபிலைசர்களை மட்டும் பயணத்துக்கு வாங்காதீர்கள். பேட்டரி வேண்டாம், விலையும் குறைவுதான். ஆனால் லேசாகக் காற்றடித்தாலே திரும்பிக்கொள்ளும், எதிர் எடைகளைச் சுமந்து திரிய வேண்டும்.

காசை மிச்சப்படுத்த உருப்படியான வழி, ஒரு தலைமுறை பழைய மாடலைப் பழையதாக வாங்குவது. கிம்பலில் புது மாடலுக்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பூட்டு, திரை, டிராக்கிங் போன்ற வசதிகளில்தான். நிறுத்திப் பிடிக்கும் வேலையில் பெரிதாக இல்லை. வாங்கப் போகும்போது, அணைத்த நிலையில் கிம்பலின் ஒவ்வொரு கையையும் விரலால் சுற்றிப்பாருங்கள். சொரசொரப்போ தடங்கலோ இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ஆன் செய்து கேமராவோடு மேசைமேல் வைத்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு ஒரு கதவு நிலைக்கு நேராக வைத்து, இரண்டு பக்கமும் திருப்பிக் கொண்டுவந்தால் கோடு சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் காலிபரேட் செய்து மறுபடி பாருங்கள், அப்போதும் சாய்ந்தால் விட்டுவிடுங்கள். கேமராவை மாட்டும் பிளேட்டும் அதன் திருகும் கூடவே இருக்கின்றனவா என்பது ரொம்ப முக்கியம், தனியாகத் தேடி அலைய வேண்டியிருக்கும். அதன் ஆப் உங்கள் ஃபோனில் ஓடுகிறதா என்பதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். சில கிம்பல்கள் ஆப் வழியாக ஆக்டிவேட் ஆகாமல் வேலையே செய்யாது.

பல அருங்காட்சியகங்களிலும் நினைவுச்சின்னங்களிலும் ட்ரைபாடு, செல்ஃபி ஸ்டிக் வரிசையில் கிம்பலையும் வாசலில் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதிரி இடங்களுக்குப் பழைய தந்திரம் ஒன்று போதும்: கேமரா வாரைக் கழுத்தில் மாட்டி, வார் விறைக்கும்வரை கேமராவை முன்னால் தள்ளிப் பிடிப்பது. இரண்டு கை, ஒரு கழுத்து என்று மூன்று பிடி கிடைத்துவிடும். நின்று எடுக்கும் ஷாட்டுக்கு இதைவிட மலிவான ஸ்டெபிலைசர் கிடையாது.

விமானத்தில் போவதாக இருந்தால் கிம்பலைக் கைப்பையில் வையுங்கள். தனியாகக் கழன்று வரும் லித்தியம் பேட்டரி என்றால் உதிரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. முனைகளில் டேப் ஒட்டியோ தனி உறையிலோ கைப்பையில் கொண்டுபோக வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-அவர். மில்லி ஆம்பியர்-அவரை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது அது, சின்ன கிம்பல் பேட்டரிகள் அதற்கு வெகு கீழே இருக்கும். கிம்பலின் கைகளைப் பூட்டிவிட்டு வையுங்கள். பூட்டே இல்லாத மாடல் என்றால் ஒரு வெல்க்ரோ பட்டையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.